யார்க்‌ஷயர் வார்டுக்குப் போறேன். என் இங்கிலீஷ்ல எதை முதல்ல திருத்தணும்?

குமரிக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் மார்த்தாண்டம் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு சென்னையில ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவுல வேலை பாக்குறேன். மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ் தேர்வு ஓஇடி பாஸ் ஆயாச்சு, மூணு பகுதியில பி, ரைட்டிங்ல சி பிளஸ். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில இருந்து ஆஃபர் வந்திருக்கு. விசா வேலை நடக்குது.

பிரச்சினை என்னன்னா, ஹாஸ்டல்ல கூட இருக்கிறவங்க என் இங்கிலீஷைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறாங்க. நான் எம் எழுத்தை 'யெம்'னு சொல்றேனாம். ஒன்லிங்கிறது 'வொன்லி'ன்னு வருதாம். டெம்பிள், சிம்பிள் எல்லாத்துலயும் நடுவுல P-க்குப் பதிலா B சத்தம் வருதாம். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்'னு நேத்து டாக்டர்கிட்ட கேட்டதுக்கு ஒரே சிரிப்பு. ஹெச், இசட்னு சொன்னாக்கூட தப்புங்கிறாங்க.

பிரிட்டிஷ் உச்சரிப்பு சொல்லித் தர ஆன்லைன் வகுப்பு ஒண்ணு இருக்கு, ஃபீஸ் என் ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். சேரலாமா? இல்ல நானே சில தப்பை மட்டும் திருத்திக்கிட்டாப் போதுமா? அப்படின்னா எதை? அங்க வேலை செய்யுற அக்கா அண்ணன் யாராவது இருந்தா சொல்லுங்க.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

மகளே, வாழ்த்துகள். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் போடுவதால் வருபவை.

'நீ எங்கே போகிறாய்?' என்பதில் சொற்கள் இடம் மாறுவதில்லை. அதனால் 'வேர் யூ ஆர் கோயிங்' என்கிறோம். ஆங்கிலக் கேள்வியில் துணைவினை முன்னே வர வேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்'. 'எனக்குச் சந்தேகம் இருக்கிறது' என்பதில் உள்ள 'இருக்கிறது'தான் 'ஹேவிங்' ஆகிறது. உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஹேவ்' போதும். நேற்று என்று காலம் குறித்துவிட்டால் 'ஐ ஹேவ் கிவன்' கூடாது, 'ஐ கேவ்' என்றே சொல்ல வேண்டும். 'டிட்'டுக்குப் பின் 'வென்ட்' வராது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' வேண்டாம்.

உங்கள் துறைக்கு முக்கியமானது ஒன்று. நம் மருத்துவமனைக் குறிப்பேடுகளில் 'ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்று எழுதுகிறார்கள். 'இரண்டு நாளாக' என்பது அங்கே 'ஃபார் டூ டேஸ்'. 'சின்ஸ்' போட்டால் தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும்: 'சின்ஸ் மண்டே'.

ஹெச், இசட் இரண்டும் பிழை. எய்ச், ஸெட் என்று இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

வார்டு_அக்கா:

தங்கச்சி, அந்தக் காசை பத்திரமா வை. இங்க வந்ததும் குளிருக்கு நல்ல கோட்டும் ஷூவும் வாங்கணும்.

நான் திருநெல்வேலிக்காரி. யார்க்‌ஷயர்ல வயசானவங்க வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன். ஐயா சொன்ன 'ஃபார் டூ டேஸ்' ரொம்பச் சரி, அதை மாத்திக்கோ. ஆனா உன் ஹாஸ்டல்ல சிரிக்கிற விஷயம் எதுவும் இங்க ஒருத்தரையும் பாதிக்கப் போறதில்ல. என் 'யெம்' இன்னைக்கும் 'யெம்'தான். ஓஇடியில கூட அவங்க பாத்தது நீ பேசுறது புரியுதாங்கிறதைத்தான், வெள்ளைக்காரங்க மாதிரி பேசுறியான்னு இல்ல. நீ பி வாங்கியாச்சு. நீ தேடிப் பிடிக்க வேண்டியது வேற: நாம ஒண்ணு சொல்ல, அவங்களுக்கு அதுக்கு நேர் எதிரா விளங்குற இடம். அப்படி இருக்கிறது கொஞ்சம்தான். ஆனா வார்டுல அதெல்லாம் மருந்துல போய் நிக்கும்.

முதல் இடம், 'இல்லையா'ன்னு கேக்குற கேள்வி. நான் பாத்ததைச் சொல்றேன். நம்ம ஊர்ல இருந்து புதுசா வந்த பொண்ணு, நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில ஹேண்டோவர் குடுக்குறா, அதாவது நோயாளிங்க விவரத்தைச் சொல்லி அடுத்த ஷிஃப்ட்கிட்ட ஒப்படைக்கிறா. பகல் ஷிஃப்ட் நர்ஸ் சார்ட்டைப் பாத்துக்கிட்டே, 'ஸோ ஹி ஹேஸன்ட் ஹேட் ஹிஸ் இன்சுலின்?'னு கேட்டாங்க. இவ 'யெஸ்'னு சொன்னா. தமிழ்ல யோசிச்சா அது சரியான பதில். 'அவருக்கு இன்சுலின் போடலையா?' 'ஆமா, போடல.' கேக்குறவங்க சொன்னது சரின்னு ஒத்துக்கிறோம். இங்கிலீஷ்ல யெஸ், நோ ரெண்டும் கேக்குறவங்க வாக்கியத்தோட சேராது, நடந்த விஷயத்தோடதான் சேரும். போட்டிருந்தா யெஸ், போடலன்னா நோ. அந்த நர்ஸ் காதுல விழுந்தது 'போட்டாச்சு'. பேனாவை மூடிட்டு அடுத்த பெட்டுக்குத் திரும்பிட்டாங்க. நான் பக்கத்துல நின்னதால, 'போட்டியா போடலையா, முழுசாச் சொல்லு'ன்னு கேட்டேன். 'ஹி ஹேஸ் நாட் ஹேட் இட்'னா. அந்தத் தாத்தாவுக்குக் காலை டோஸ் அப்புறம்தான் போச்சு.

அந்தப் பொண்ணோட இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல, உச்சரிப்பும் சுத்தம். அதனாலதான் சொல்றேன், எந்த ஆன்லைன் வகுப்புலயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க. 'இல்லை' இருக்கிற கேள்விக்கு வெறும் யெஸ், நோ சொல்லவே சொல்லாத. வினைச்சொல்லை வச்சு முழு வாக்கியமாச் சொல்லு. 'ஹி ஹேஸ் ஹேட் இட்.' 'ஷி ஹேஸன்ட் ஈட்டன்.' இன்னைல இருந்து சென்னையிலயே பழகு.

ரெண்டாவது இடம் எண். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அவங்க கடைசி 'ன்'னைக் கேட்டு இதைப் பிரிக்கிறதில்ல. அழுத்தம் எங்க விழுதுன்னு பாக்குறாங்க. பதினஞ்சுக்கு 'டீன்'ல அழுத்தி இழுப்பாங்க, அம்பதுக்கு முன்னாடி அழுத்திட்டு 'டி'யைச் சுருக்கி விட்டுடுவாங்க. தமிழ்ல நாம எல்லா அசையையும் ஒரே அளவாச் சொல்றவங்க. ஃபோன்ல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். அதனால நான் சொல்லிட்டு இலக்கமாவும் சொல்வேன்: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்.' இங்க பொறந்து வளர்ந்த நர்ஸுகளும் இப்படித்தான் சொல்றாங்க, அதுல கூச்சமே வேண்டாம்.

அடுத்தது நம்ம 'ங்க'. இதை யாரும் தப்புன்னு எடுத்துச் சொல்ல மாட்டாங்க, மனசுல வச்சுக்குவாங்க. 'அந்தச் சார்ட்டைக் கொடுங்க'ன்னு நாம சொன்னா மரியாதை எல்லாம் அந்த 'ங்க'வுல இருக்கு. இங்கிலீஷுக்குப் போகும்போது 'ங்க' கழண்டு விழுந்து, 'கிவ் மீ த சார்ட்'னு ஒரு அதட்டல்தான் மிஞ்சும். 'ப்ளீஸ்' சேத்தாலும் முழுசாச் சரியாகாது. 'குட் யூ பாஸ் மீ த சார்ட்?', 'வுட் யூ மைண்ட் ரோலிங் ஓவர் ஃபார் மீ?' இப்படிக் கேள்வியாக் கேட்டாத்தான் அவங்களுக்கு அது 'ங்க'. ரொம்ப அன்பான நம்ம பிள்ளைகளைப் பத்தி, 'அவ கொஞ்சம் கடுமை'ன்னு பேசிக்கிட்டதை என் காதாலயே கேட்டிருக்கேன். எனக்கு மனசு வலிச்சது, ஏன்னா அவங்க மனசுல கடுமை இல்லைன்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் சொற்கள். இங்க 'ஐ ஹேவ் பீன் சிக்'னு சொன்னா உடம்பு சரியில்லைன்னு எடுத்துக்காத, வாந்தி எடுத்திருக்காங்க. எத்தனை தடவை, என்ன நிறம்னு கேளு. 'மோஷன் போனீங்களா' இங்க செல்லாது, 'ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?'னு கேக்கணும். பாதிப் பேர் 'ஹேவ் யூ பீன்?'னு அதோட நிறுத்திடுவாங்க. அதைக் கேட்டு 'எங்க போனாங்க?'ன்னு முழிக்காத! இறந்தவரைப் பத்தி 'எக்ஸ்பயர்ட்'னு ஒருநாளும் சொல்லாத. அது பால் பாக்கெட்டுக்கும் மாத்திரைக்கும் சொல்றது. குடும்பத்தார்கிட்ட 'ஹி ஹேஸ் டைட்'னு தெளிவாவே சொல்லலாம், தப்பில்ல. 'பூர்லி'ன்னா ஏழைன்னு தோணும், ஆனா உடம்பு சுகமில்லைன்னு அர்த்தம். சீனியர் ஒருத்தர் 'வெரி பூர்லி'ன்னு சொன்னா நிலைமை மோசம், சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய நேரம். சிஸ்டர்னா நம்ம ஊர்ல எல்லா நர்ஸும் சிஸ்டர்தான், இங்க வார்டுப் பொறுப்பாளர் மட்டும்தான்.

இப்ப யார்க்‌ஷயர் சமாச்சாரம். வடக்கு இங்கிலாந்துல பாதிப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு 'டின்னர்', சாயங்காலச் சாப்பாடு 'டீ'. 'ஐ டேக் மை இன்சுலின் பிஃபோர் மை டீ'ன்னு பாட்டி சொன்னா தேத்தண்ணிக்கு முன்னாடின்னு எழுதிடாத, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி. இன்னொண்ணு 'வைல்'. பள்ளிக்கூடத்துல 'வைல்'னா 'அப்போது'ன்னு படிச்சோம். இங்க அது 'வரைக்கும்'. 'நைன் வைல் ஃபைவ்'னா ஒன்பதுல இருந்து அஞ்சு வரை. 'நில் பை மவுத் வைல் டென்'னு ஒருத்தர் சொன்னா பத்து மணி வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். 'ஹாஃப் டென்'னா பத்தரை. 'நௌட்'னா ஒண்ணுமில்ல, 'ஔட்'னா ஏதாவது. 'ஐ ஹேவன்ட் ஹேட் நௌட்'னு ரெண்டு இல்லை போட்டுச் சொல்வாங்க. சாப்பிட்டேன்னு கணக்குப் போட்டுடாத, ஒண்ணுமே சாப்பிடலைங்கிறாங்க.

இலக்கணம்னு பாத்தா இவங்க ஊர்ப் பேச்சு நம்ம பாடப்புத்தகத்துல ஒரு பக்கத்துலயும் இருக்காது. 'ஐ வாஸ்' இல்ல, 'ஐ வேர்'. 'ஐ வாஸ் சிட்டிங்' இல்ல, 'ஐ வாஸ் சேட்'. 'தோஸ் டேப்லெட்ஸ்' இல்ல, 'தெம் டேப்லெட்ஸ்'. 'த'ங்கிற சொல் (the) வர்ற இடத்துல தொண்டையில ஒரு சின்ன அடைப்பு மட்டும் கேக்கும். நீ ஓஇடிக்குக் கேட்ட ஆடியோவுல யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டாங்க. அதனால வாய்க்குப் பயிற்சி குடுக்குறதை விட காதுக்குக் குடு. யார்க்‌ஷயர் விவசாயிங்க, வயசானவங்க பேசுற பேட்டி யூடியூப்ல எவ்வளவோ இருக்கு, சப்டைட்டில் இல்லாமக் கேளு.

இன்னொண்ணு, எழுபது வயசுத் தாத்தா 'தேங்க்யூ, லவ்'னு சொல்வார். பஸ் டிரைவர் சொல்வார், கடைக்காரம்மா சொல்வாங்க. இங்க ஆம்பளையையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல 'கண்ணு'ன்னு கூப்பிடுற மாதிரி. கொஞ்சம் தள்ளி டெர்பி, நாட்டிங்கம் பக்கம் போனா 'டக்', நியூகாசில்ல 'பெட்'. மொகம் சுளிக்காத.

சொல்தேடி:

வார்டு அக்கா சொன்னதற்கு மேல் வேலை விஷயத்தில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'தப்பு' என்ற சொல்லைக் குமரிக்காரி சுமந்துகொண்டு விமானம் ஏறக் கூடாது. ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும்.

'யெம்', 'வொன்லி' இரண்டும் தமிழின் ஒலி விதி. எனக்கு என்பதை யெனக்கு என்றும், ஒரு என்பதை வொரு என்றும் எல்லாருமே சொல்கிறோம், எழுதும்போது மட்டும் காட்டுவதில்லை. 'டெம்பிள்' நடுவே வரும் ஒலியும் அப்படியே. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள், முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றல்ல. மகர மெய்க்குப் பின் வரும் பகரம் தானாகவே அதிரும். வாய் தன் தாய்மொழி விதியைப் புது மொழியிலும் கடைப்பிடிக்கிறது, அவ்வளவே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சொல்லின் தொடக்கத்தில் தமிழ் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டாது. முதுகைக் குறிக்கும் 'பேக்'கும் பொட்டலத்தைக் குறிக்கும் 'பேக்'கும் நம் எழுத்தில் ஒன்றுதான். முன்னதற்குத் தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். பின்னதற்கு வாயருகே கை வைத்தால் காற்று படும். இதை மட்டும் பழகுங்கள், பலன் உண்டு.

ஹெச் அயர்லாந்தில் இன்றும் பரவலாக வழங்குகிறது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஹெச் என்றும் புராட்டஸ்டண்டுகள் எய்ச் என்றும் சொல்வது வழக்கம். ஒருவர் எந்தப் பக்கம் என்பதை இந்த ஓர் எழுத்தை வைத்தே கணிப்பார்கள். இசட்டுக்கு வருவோம். சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட அகராதியின் இலக்கணப் பகுதியில் அந்த எழுத்துக்கு ஸெட் என்று பெயர் தந்துவிட்டு, அதைவிட 'இஸர்ட்' என்பதே அதிகம் வழங்குவது என்றும் எழுதியிருக்கிறார். அமெரிக்கர் ஸீ என்கிறார்கள். ஃபிலிம் என்பதை நாம் பிலிம் என்று நடுவே இகரம் கொடுத்துச் சொல்வதைக் கேலி செய்வார்கள். ஐரிஷ்காரர்களும் அதே இடத்தில் உயிர் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஒன்றை முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் நம்மூர் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. ஆனாலும் யார்க்‌ஷயர் நோயாளியிடம் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சொன்னால்தான் புரியும். அகராதியில் இருப்பது வேறு, எதிரில் இருப்பவருக்குத் தெரிவது வேறு.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

இஸர்ட் செய்தி எனக்குப் புதிது, மகிழ்ச்சி. இருந்தாலும் மகள் மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ஸெட் என்றே சொல்லட்டும். அங்குள்ளவர்களுக்குப் பழகியது அதுதான்.

லண்டன்_யாழ்:

வார்டு அக்கா சொன்ன அந்த யெஸ்–நோ பிரச்சினை நோயாளியின்ரை பக்கத்திலையும் இருக்கு. அம்மாவை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது நான்தான். 'யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜீஸ்?' எண்டு கேட்டால் அம்மா பட்டெண்டு 'யெஸ்' எண்டுவா. டொக்டர் உடனை பேனையை எடுத்து, என்ன அலர்ஜி எண்டு கேப்பார். அம்மா முழிப்பா. இப்ப நான் முதலே சொல்லிப்போடுவன், கேள்வியிலை 'டோன்ட்' போடாமக் கேளுங்கோ எண்டு. தங்கச்சி, உங்களுக்கும் எங்கடை சனம் நோயாளியாய் வரும். அவையிட்டை 'டூ யூ ஹேவ்' எண்டு நேராக் கேளுங்கோ.

இன்னொரு விஷயம். நாங்கள் ரொறன்ரோ எண்டு எழுதிறதைப் பாத்து இந்தியாவிலை கனபேர் சிரிப்பினம். எங்கடை ஊரிலை வெற்றி, காற்று எண்டு சொல்லேக்கை நாக்கு பல்லுக்கு மேலை முரசிலை (ஈறிலை) படும். ஆங்கில 'டி' எழுத்துக்கும் நாக்கு அங்கைதான் படுது. டகரத்துக்கு மாதிரி நாக்கை மடிக்கத் தேவையில்லை. நீங்கள் குமரி எண்டபடியால் மலையாளம் காதிலை விழுந்திருக்கும், மலையாளத்திலை காற்று எண்டு சொல்லிற மாதிரியே சொல்லிப் பாருங்கோ. அதுக்குக் காசு குடுத்து வகுப்புக்குப் போகத் தேவையில்லை.

குமரிக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லண்டன் அண்ணா, எங்க பாட்டி வாயில அந்தக் காற்று அப்படியேதான் வரும், எனக்கும் வருது!

இன்னைக்கு டியூட்டியில பாத்தேன் வார்டு அக்கா. டாக்டர் 'ரிப்போர்ட் வரலையா'ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல கேக்க, எங்க யூனிட்ல எல்லாரும் 'யெஸ் சார்'னுதான் சொல்றாங்க. இங்க கேக்குறவரும் தமிழ்ங்கிறதால ஓடிருது. இவ்வளவு நாள் கண்ணுல படவே இல்ல. வகுப்புல சேரல, முடிவு பண்ணிட்டேன்.

ஒரே பயம் ஃபோன். எதிர்ல ஆள் இருந்தா மொகத்தைப் பாத்துச் சமாளிச்சிடுவேன். ராத்திரி டாக்டருக்கு ஃபோன் பண்ணி அவர் யார்க்‌ஷயர்ல வேகமாப் பேசினா என்ன பண்றது?

வார்டு_அக்கா:

ராத்திரி ஃபோன் எடுக்குற டாக்டர் யார்க்‌ஷயர்க்காரராத்தான் இருப்பார்னு இல்ல தங்கச்சி. கேரளா, நைஜீரியா, எகிப்து, பாகிஸ்தான், எங்க இருந்தும் இருக்கலாம். அவங்களும் ஆளுக்கொரு இங்கிலீஷ் பேசுவாங்க.

ஃபோன் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எஸ்பார் எழுதி வச்சிக்கோ: இப்ப என்ன நிலைமை, முன்னால என்ன இருந்துச்சு, நீ என்ன பாத்தே, அவர்கிட்ட என்ன வேணும். கண்ணு தாள்ல இருந்தா வாய் தடுமாறாது. நோயாளி பேரைக் கூட்டிச் சொல்லும்போது எழுத்தை மட்டும் சொல்லாத. நாம எஸ்னு சொன்னா அவங்களுக்கு 'யெஸ்'னு கேக்கும், சரிங்கிறோம்னு நினைச்சு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. 'எஸ் ஃபார் சியெரா, எம் ஃபார் மைக்'னு சொல்லு. இருபத்தாறு எழுத்துக்கும் இப்படி ஒவ்வொரு சொல் இருக்கு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிடு, ஒரு சாயங்காலம் போதும்.

அவர் மருந்து சொன்னா அளவோட திருப்பிச் சொல்லு, இலக்கம் இலக்கமா. மைக்ரோகிராமா மில்லிகிராமான்னு முழுச் சொல்லாக் கேளு, எழுதும்போதும் மைக்ரோகிராம்ஸ்னு சுருக்காம எழுதணும், இங்க அது கட்டாயம். புரியலைன்னா வெறும் 'சாரி?'ன்னு கேக்காத, அதையே இன்னும் வேகமாச் சொல்வாங்க. எது புரியலையோ அதைக் கேளு: 'ஐ ஹேவ் காட் த ட்ரக், குட் யூ ரிபீட் த டோஸ்?' இப்படிக் கேக்குற நர்ஸ் மேல டாக்டர்களுக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

ஆஃபர் லெட்டர்ல எந்த வார்டுன்னு போட்டிருக்காங்களான்னு பாரு. சொன்னா, அங்க தினம் ஓடுற மருந்துப் பேரெல்லாம் எங்க ஆளுங்க எப்படிச் சொல்றாங்கன்னு ஆடியோவாப் பேசி அனுப்புறேன்.